இடஞ்சுற்றி வருகிறவள்

மறுபடியும் விசில்.

அவள் நிற்கவில்லை.

ஆற்றின் இக்கரையில் போய், நடைபாலம் ஏறி, அக்கரை வழியாகத் திரும்புகிற பாதை அது. நடப்பவர்களுக்குச் சிமெண்டுக் கல். சைக்கிள்காரர்களுக்குச் சிவப்புத் தார். காலை நேரத்தில் கோயில் பிராகாரம் மாதிரி எல்லோரும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். நடையாளர் சங்கம் போர்டே மாட்டியிருந்தது.

அவள் இடமாக வந்தாள்.

இன்றோடு பத்தொன்பது நாள்.

பாலத்தடியில் சங்கச் செயலாளர் சென்னியப்பன் கையை விரித்து மறித்தார். விசில் கழுத்தில் ஆடியது.

"ஏனுங், போர்டு கண்ணுக்குத் தெரியறதில்லீங்ளா?"

"தெரியுதுங்."

"அப்புறம் எதுக்குங் எதுக்கால வர்றீங்? வாட்ச்மேன உட்டு வெளிய தள்ளீருவேனுங், ஆமா!"

அந்த ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் மரியாதையாகத்தான் தள்ளுவார்கள்.

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். அவர் முறைத்தார். இமை அசையவில்லை.

இவரில்லை.

பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். டிராக் பேண்ட் போட்ட ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம் சொல்கிற சாக்கில் அவள் காதில் விழும்படி சொன்னார்.

"எழவு வூட்லதானுங் இப்பிடி இடஞ்சுத்துவாங்க."

யாரோ சிரித்தார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த முகத்தையும் நேராகப் பார்த்தாள். அது அவளை அலட்சியமாகத் திருப்பிப் பார்த்தது.

இவனுமில்லை.

அன்றைக்கு அவள் புருஷன் ஆறுச்சாமி, இரண்டு பாதைக்கும் நடுவே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவள் டீ எடுத்துக்கொண்டு பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். மழை தூறியதால் பாதையில் வேறு ஆளே இல்லை. வந்த வேகத்தில் சைக்கிள் அவனை அடித்துத் தூக்கியது. சிமெண்டு விளிம்பில் தலை மோதிய சத்தம் பாலம் வரை கேட்டது.

இருபதடி தள்ளிச் சைக்கிள் நின்றது.

ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மெல்லத் திரும்பின. அவளை நன்றாகப் பார்த்தன.

பிறகு மிதித்தான். மறைந்தான்.

ஆறுச்சாமி இப்போது கண்ணைத் திறக்கிறான். 'நீ யாரு?' என்று அவளிடம் கேட்கிறான்.

போலீஸ் ஸ்டேஷனில், இடித்தவனின் அடையாளம் சொல்லச் சொன்னார்கள். எதைச் சொல்வாள்? அவன் முகம் அவளுக்குத் தெரியாது.

அவள் முகம் அவனுக்குத் தெரியும்.

வலமாகப் போனால் கண்ணில் படுவதெல்லாம் முதுகு. எதிரே வந்தால் ஒவ்வொருவனும் அவளைப் பார்த்தே தீர வேண்டும். முறைத்தவர்களை விட்டாள். திட்டியவர்களை விட்டாள். பக்கத்தில் எச்சில் துப்பியவனைக் கூட விட்டுவிட்டாள். தண்ணீர் விடுகிறவனின் பெண்டாட்டி என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளும் யாரிடமும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"வாட்ச்மேன்!" சென்னியப்பன் கத்தினார். "இந்தம்மாவக் கேட்டுக்கு வெளிய கொண்டுபோயி உடுங்!"

வாட்ச்மேன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"உடுங்க சார். பாவம், வீட்டுக்காரரு அப்பிடிக் கெடக்கறப்ப..."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

பத்தொன்பது நாளில் அவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை.

அவள் குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

"எந்த வீட்டுக்காரருங்?" என்றார் சென்னியப்பன், புரியாமல்.



சொன்னவனுக்கு நாற்பது வயதிருக்கும். நடக்கிற ஷூ. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகள் கன்றிக் கறுத்திருந்தன. புறங்கை மட்டும் வெளுப்பு. அரைவிரல் கையுறை போட்டு வருஷக்கணக்கில் வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவனின் கை.

அவன் கையைப் பாக்கெட்டில் விட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினான்.

அவள் வாட்ச்மேனின் பிடியிலிருந்து முழங்கையை உருவிக்கொண்டாள்.

திரும்பினாள்.

வலமாக நடந்தாள்.

"பாத்தீங்ளா?" சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பல். "சொல்ற மாதிரி சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

பாலத்தின் மேல் அவன் வேகத்தைக் கூட்டினான்.

அவளும்.