ஆறு மணிப் படம்

"எண்ணெயா, பாசியா? சட்டுனு சொல்லும்மா. ரோந்துப் படகுக்காரர் லைன்ல காத்திருக்கார்."

மேலதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில், சற்று முன் செயற்கைக்கோள் அனுப்பிய ஆறு மணிப் படம். சாம்பல் நிறக் கடலில் ஒரு கறுப்புக் கோடு. அதன் முனையில் வெள்ளைப் புள்ளியாக ஒரு கப்பல்.

"ஒரு நிமிஷம் சார். பாசி படர்ந்தாலும் இப்படித்தான் கறுப்பாத் தெரியும்."

"அது தெரியாமத்தானே போன வாரம் பாசியை எண்ணெய்னு சொல்லி அவங்களை அலைய விட்டோம்! இன்னும் குத்திக் காட்டுறாங்க."

அவள் எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள். உட்கார முடியவில்லை. மேசையில் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

கப்பல்களின் இருப்பிடம் காட்டும் பக்கத்துத் திரையில் அதன் பெயரை அவள் பார்த்தாயிற்று. அதன் இயந்திர அறை அவள் கணவன் பொறுப்பு. அவன் கை படாமல் அங்கே ஒரு குழாயும் திறக்காது. 'பாசி' என்று குறித்தால் கப்பல் தன் வழியில் போய்விடும். 'எண்ணெய்' என்றால், கழிவெண்ணெயைக் கடலில் கொட்டிய குற்றத்துக்கு அவன் கையில் விலங்கு.

நேற்றுக்கூட கேப்டன் அறைப் போனிலிருந்து பேசினானே! "நாளைக்கும் ஆறு மணிக்குத்தானே உன் படம்? அந்த நேரத்துல கூப்பிட்டுத் தொல்லை பண்ண மாட்டேன்." அத்தனை அக்கறையானவன்.

மேலதிகாரி சிரித்தார். "எண்ணெயா இருந்தா, திறந்தவன் அடிமுட்டாள். சாட்டிலைட் தலைக்கு மேல வர்ற நேரமாப் பார்த்தா திறப்பான்?"

"அவர் ஒண்ணும் முட்டாள் இல்லை."

"எவரு?"

"யாருமில்லை சார்."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பாசி என்றால் சுழித்துச் சுழித்துப் படரும். இது கப்பல் போன வழியே, கத்தியால் கீறியதுபோல் நேராக இருந்தது. காற்று அதைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"எண்ணெய்தான் சார்," என்றாள். "படகை அனுப்பச் சொல்லுங்க."

அதன் பிறகு அவள் உட்காரவே இல்லை. கப்பலை மடக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சற்று நேரத்தில் அவள் போனும் ஒலித்தது. அறியாத எண்.

"நான்தான். ரோந்துப் படகுலேர்ந்து பேசறேன்."

"என்னை மன்னிச்சிடுங்க. படத்துல பார்த்தேன். மறைக்க மனசு வரலை…"

"மறைக்கறதா? நல்லாயிருக்கே! பயணத்துக்குப் பயணம் கடல்ல கொட்டச் சொல்றான் கேப்டன். அவன் பக்கத்துல நிக்கும்போது போன்ல வேற எப்படிக் கேக்கறது? அதான் உன் படத்து நேரத்தை உறுதி பண்ணிக்கிட்டு, டாண்ணு ஆறு மணிக்குத் திறந்தேன். படகை அனுப்ப இவ்வளவு நேரமா? தூங்கிட்டியா?"