பத்தாவது தடுப்பு

"அந்தப் பொம்பளைக்கு வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல," என்றார் ரஸ்ஸல், ரொட்டியில் தொட்டுச் சாப்பிடும் நண்டு டிப்பைக் கார் டிக்கியில் திறந்து வைத்தபடி.

மேரிலாந்தில் எங்கள் பெண்கள் படிக்கும் கல்லூரியில், வலை மட்டையால் பந்தெறிந்து ஆடும் லக்ராஸ் அணியின் கோலி, அதாவது கோல் காப்பவள், அவர் மகள் ஹேட்லி. நான்கு வருடத்தில் அவள் உடம்பில் பந்து பட்டுக் கன்றிப்போகாத இடமில்லை. அன்று கடைசி மேட்ச். 642-ஆவது பந்தைத் தடுத்து, இருபத்திரண்டு வருடக் கல்லூரிச் சாதனையை ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில் முறியடித்திருந்தாள்.

பழைய சாதனை டார்லீனுடையது. எங்கள் மைதானத்தில் இப்போது ஸ்கோர் எழுதுவதும் அதே டார்லீன்தான்.

கோலுக்குள் போக வேண்டிய பந்தைத் தடுத்தால்தான் கணக்கு. வெளியே போகிற பந்தை மட்டையால் தொட்டால் கணக்கில்லை. எது எது என்று முடிவு செய்வது டார்லீனின் கண். ரஸ்ஸலுக்கு அது பொறாமைக் கண்.

மேட்சுக்குப் பத்துப் பந்து தடுக்காதவள் கோலியே இல்லை என்பது ரஸ்ஸலின் கட்சி. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளை வாங்கிப் பார்ப்பார். பிறகு மகளை ஊரில் இருக்கும் ஒரே நண்டுக் கடைக்குக் கூட்டிப்போவார். நல்ல அப்பா என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

"குறைஞ்சது முப்பது பந்தை முழுங்கியிருப்பா அந்த டார்லீன். வீடியோ போட்டு மறுபடி எண்ணச் சொல்லப்போறேன். இனி எவளும் இந்தச் சாதனையைத் தொடக் கூடாது."

ஹேட்லி வேண்டாம் என்றாள். டார்லீனே வந்து, ஹேட்லி பெயர்தான் சாதனைப் பலகையில் ஏறிவிட்டதே, இத்தோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பயந்துவிட்டாள் என்று ரஸ்ஸல் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்களும் தலையாட்டினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவருடைய டிப் ஆயிற்றே.

ஒரு மாதம் கழித்து விளையாட்டுத் துறை இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டு மறு எண்ணிக்கையின் முடிவைப் படித்தார். டார்லீன் மறுத்த பந்துகள் அத்தனையும் சரி. கொடுத்ததில்தான் தப்பு. கோலுக்கு வெளியே போன பதினொரு பந்துகளை ஹேட்லியின் கணக்கில் டார்லீன் எழுதியிருக்கிறார். ஆகவே ஹேட்லிக்கு 631. சாதனை மறுபடியும் டார்லீனுக்கு. ஸ்கோர் எழுதும் வேலை மட்டும் இனி அவருக்கு இல்லை.

ஹேட்லி குனிந்த தலை நிமிரவில்லை. ரஸ்ஸலின் முகம் சிவந்துவிட்டது.

"என் பொண்ணுக்குப் பிச்சை போட்டீங்களா? யார் கேட்டா உங்களை?"

"யாரும் கேக்கல," என்றார் டார்லீன். "பதினொண்ணும் பதினொரு மேட்ச்ல எழுதினது. தாளை எடுத்துப் பாருங்க. எல்லாமே ஒன்பதுல நின்ன நாள்."

"நின்னா என்ன?"

"ஒன்பதுன்னா நீங்க அவகூட ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டு எழுந்து போவீங்க. அந்த நண்டுக் கடையில நான் பக்கத்து மேசையிலதான் சாப்பிடுவேன், ரஸ்ஸல்."