டப்பா காலி

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, மாடி வீட்டுச் சமையலறைத் தரையில் ஒன்றே முக்கால் வயது மகனுக்கும் அவன் தாய்க்கும் நடந்த போரில், வழக்கம்போலத் தாய் தோற்றாள்.

"ஆ காட்டுடா குட்டா. ஒரே ஒரு வாய். என் ராஜா இல்ல?"

குட்டன் வாயை இறுக மூடிக்கொண்டான். கேரட், பீன்ஸ், பருப்பு எல்லாம் சேர்த்து மசித்த சோறு அவன் கன்னத்தில் இருந்தது. மூக்கின் மேல் இருந்தது. உள்ளே மட்டும் போகவில்லை.

"விடேன். பாலைக் குடுத்துட்டுக் கிளம்பு" என்றான் கணவன், தன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தபடி.

"வெறும் பாலைக் குடிச்சே வளர்ந்துடுவானா? காய், பருப்பு, முட்டை எல்லாம் கலந்து உள்ள போகணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"அதான் காப்பகத்துல ஒழுங்காச் சாப்பிடுறானே."

அதுதான் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. அதே சோறு, அதே கேரட். குழந்தைகள் காப்பகத்திலிருந்து டப்பா தினமும் துடைத்துவிட்டது போல் வருகிறது. வீட்டில் ஒரு பருக்கை இறங்குவதில்லை.

"ஆயா கையால சாப்பிடுறான். என் கையாலதான் வேணாமாம். நான் வேலைக்குப் போறது பிள்ளைக்குப் பிடிக்கலைங்க. இன்னிக்கு சாயங்காலம் முதலாளிகிட்ட நின்னுக்கிறேன்னு சொல்லிடப் போறேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வேலை.

குட்டனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். கீழ்வீட்டில் கணவனின் அண்ணன் குடும்பம். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. உப்பைப் பற்றி எப்போதோ விழுந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, ஓர் அடுப்பில் வெந்தது மற்ற அடுப்புக்காரியின் வாசலைத் தாண்டியதில்லை.

"என்னடி, காலையிலேயே மாடியில ஒரே கலவரம்?" என்றாள் அவளுடைய ஓரகத்தி, அதே காப்பகத்துக்குப் போகும் தன் மகள் சிட்டுவுக்குத் தலை சீவிக்கொண்டே. "எங்க சிட்டு டப்பாவைப் பாரு, கழுவவே வேணாம். அவ அப்பா டப்பாவும் அப்படித்தான். கைப்பக்குவம்!"

"எங்க வீட்டு டப்பா ரெண்டும் காலியாத்தான்க்கா வருது."

"எல்லாத்தையும் போட்டுக் களி மாதிரி மசிச்சு வச்சா, சாப்பிட்டானா பூசிக்கிட்டானான்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களை மாதிரி பூசணியையும் முட்டையையும் விரல் விரலா நறுக்கி வச்சா, சின்னப் பிள்ளை கட்டில் கால் செய்யுமா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல், அவரவர் டப்பாவோடு ஒரே பட்டறைக்கு ஒரே வண்டியில் ஓடிப்போனார்கள்.

வேலையை விடும் முன், ஆயாவிடம் அப்படி என்ன மாயம் இருக்கிறதென்று பார்த்துவிடுவதென இளையவள் தீர்மானித்தாள். நண்பகலில் அனுமதி கேட்டுக்கொண்டு புறப்பட்டாள். செய்தி அறிந்த மூத்தவள், "நானும் வர்றேன். என் பொண்ணு சாப்பிடுற அழகை நீயும் பாரு" என்று கூடவே வந்தாள்.

"உள்ள வராதீங்கம்மா. அம்மா முகத்தைப் பார்த்தா பிள்ளைங்க சோத்தை மறந்துடும்" என்று இருவரையும் சன்னலுக்கு வெளியே நிறுத்தினாள் ஆயா.

பாயில் குட்டனும் சிட்டுவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆயா அவரவர் டப்பாவைத் திறந்து அவரவர் முன் வைத்தாள். கொஞ்சவில்லை, பாடவில்லை, ஊட்டவும் இல்லை. எழுந்து அடுத்த பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

குட்டன் தன் டப்பாவை இரண்டு கையாலும் முன்னே தள்ளினான். சிட்டு தன்னுடையதை இந்தப் பக்கம் தள்ளினாள். அவன் ஒரு பூசணித் துண்டைப் பிடித்துக் கடித்தான். அவள் மசித்த சோற்றில் கரண்டியைப் போட்டாள். சற்று நேரத்தில் இரண்டு டப்பாவும் காலி.

"முதல் நாள் ரெண்டும் அவங்கவங்க டப்பாவைப் பார்த்து ஒரே அழுகை. அப்புறம் அதுங்களே மாத்திக்கிச்சுங்க" என்றாள் திரும்பி வந்த ஆயா.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"டப்பா காலியான்னுதானே தினமும் கேட்டீங்க? காலிதானேம்மா!"

மூத்தவள்தான் முதலில் பேசினாள்.

"வீட்டுல சிட்டுவும் ஒரு வாய் தின்னு நான் பார்த்ததில்லடி. வெளிய சொல்ல வெட்கம்."

"அப்போ குட்டனுக்கு என் மேல கோவம் இல்லையாக்கா?"

"உன் மேல இல்ல. உன் மத்து மேல."

இளையவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று மாலை அவள் முதலாளியிடம் எதையும் சொல்லவில்லை.

இரவு, இருவரும் படிக்கட்டில் நின்று கணவர்களுக்குத் தங்கள் ஏற்பாட்டை அறிவித்தார்கள்: இனி மசித்த சோறு கீழே இறங்கும், நறுக்கிய துண்டுகள் மாடி ஏறும், குழந்தைகளின் டப்பாக்கள் வீட்டிலேயே மாற்றித் தரப்படும்.

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அப்படியே எங்க டப்பாவையும் இங்கேயே மாத்திக் குடுத்துடுங்க, அண்ணி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பட்டறைக் கதவுக்குப் பின்னால நின்னு மாத்திக்கிறோம்."

நான்கு டப்பாக்களையும் படிக்கட்டிலேயே மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று.