மெத்தையில் குதிரை

ஓர் உயிரின் விலை, ஒரு பழைய மின்விசிறி. வண்டிக்காரன் பட்டினி போட்டு வைத்திருந்த கிழட்டுக் குதிரையை ஜவுளிக்கடைக்காரர் அந்த விலைக்குத்தான் பேரம் பேசி மீட்டு வந்தார்.

இப்போது அது அவருடைய மெத்தையில் கண் செருகிக் கிடந்தது.

"நிம்மதியாப் போயிட்டு வாடா ராசா," என்று அதன் தலையைத் தடவியபடி கேரட்டை ஊட்டினார்.

ஊருக்குப் புதிதான கால்நடை டாக்டர் ஊசியை எடுக்குமுன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

"சார், இது கல்லுக்குண்டாட்டம் இருக்கு! நடிக்குது!"

"மெதுவாப் பேசுங்க டாக்டர், அதுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"தெரிஞ்சேவா கூப்பிட்டீங்க?"

"இந்தத் தடவை நெசமா இருந்துட்டா? எத்தனை தடவை ஏமாந்தாலும் பரவால்ல, கடைசி நேரத்துல தனியா விட்டுடக் கூடாது."

மனைவி பெருமூச்சு விட்டாள். "இதுவரைக்கும் வழியனுப்பினது நாலு தடவை, டாக்டர். போனது நாலு மெத்தை!"