ஊமைக் கட்டைகள்

"ஊர் பியானோவெல்லாம் உங்க கை பட்டுப் பாடுது. நம்ம வீட்டுல நாலு கட்டை ஊமையா கிடக்கே, அது மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் மனைவி.

பியானோ பழுதுபார்க்கும் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உள்ள கம்பியைத் தட்டுற சுத்தி போயிடுச்சும்மா. புதுசு வெளியூர்லேர்ந்து வரணும்."

"ஆறு மாசமா வருது. நடந்தே வருதோ?"

அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஹோட்டல் ஜாஸ் குழுவில் பியானோ வாசிக்கும் வேலைக்கு அன்று மாலை அவளுக்கு மூன்றாவது தேர்வு. இதோடு சரி, இனிக் கூப்பிட மாட்டார்கள். முன்பு இரண்டு முறையும் ஒரே பதில்தான்: "விரல் சுத்தம். ஆனா அடுத்து எங்க போகும்னு முன்னாடியே தெரிஞ்சிடுது." ஜாஸ் வழக்கப்படி சொந்தக் கற்பனையில் தனியாக வாசிக்க விட்டால் அவள் கை முதல் சுரம், மூன்றாவது, ஐந்தாவது என்று பழகிய படியிலேயே ஏறும்.

வீட்டிலோ அந்த மூன்றாவதுகள்தான் ஊமை. தொட்டால் 'டொக்' என்று மரம்தான் கேட்கும். கடுப்பில் பக்கத்துக் கட்டைக்கு, நாலாவதுக்குத் தாவினாள். அங்கிருந்து இன்னொரு நாலாவது. ஆறு மாதத்தில் அது விரலில் ஊறிவிட்டது.

ஹோட்டல் பியானோவில் எல்லாக் கட்டையும் பேசியது. ஆனாலும் விரல்கள் நாலு நாலாகவே தாவின. சாய்ந்திருந்த டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போன தடவை வந்தது நீங்கதானா?" என்றார் குழுத் தலைவர்.

"நானேதான். மூணாவது தடவையும் தப்பு பண்ண மாட்டீங்கன்னு நம்பி வந்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து வந்துடுங்க."

வீட்டுக்கு வந்தவள் நேரே கணவரின் வேலை மேசைக்குப் போனாள். அவர் இன்னும் திரும்பவில்லை. பழைய சுத்தி நாலு கிடைத்தால் இன்றே மாட்டச் சொல்லிவிட வேண்டும். எதைக் கழற்றினாலும் யாருடையது, என்ன பழுது, எப்போது மாட்டுவது என்று சீட்டு எழுதிக் கட்டி வைப்பது அவர் வழக்கம். ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

அடி இழுப்பறையில் நாலு சுத்திகள், ஒரே நூலில். சீட்டில் இருந்த தேதி, அவள் இரண்டாம் முறை தோற்று வந்ததற்கு மறுநாள்.

"நம்ம வீடு. பழுது ஒன்றும் இல்லை. அவளுக்கு வேலை கிடைத்ததும் மாட்டவும்."