இனிப் பிறக்கும் பிள்ளைகளும்

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இளவஞ்சி கரும்பலகையில் ஒட்டியிருந்த சார்ட்டின் நடுவில் அவன் வீட்டு ஓலையின் படம். ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் அப்படியே தெரிந்தன.

சரஸ்வதி பூஜையன்று அவனேதான் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். 'எங்க வீட்டுப் பொக்கிஷம்' என்று போட்டிருந்தான். வகுப்பே பார்த்தது. இவளும் பார்த்திருக்கிறாள்.

பார்த்தவள் சும்மா இருந்தாளா?

அடிமை வியாபாரம் பற்றி ஆளுக்கொரு பிராஜெக்ட். மற்றவர்கள் ஒழுங்கு மரியாதையாக ஆப்பிரிக்காவைச் செய்தார்கள். அவன் தெர்மாகோலில் கப்பலே கட்டிக்கொண்டு வந்தான். சங்கிலிக்கு அக்காவின் பழைய கொலுசு. "நல்லவேளை, நம்ம ஊர்ல இந்தக் கொடுமையெல்லாம் இல்ல" என்று முடித்தான். எல்லாரும் கைதட்டினார்கள். மெர்சி மிஸ்ஸும்தான்.

அடுத்து இவள் வந்தாள்.

"இது ஆள் வித்த ஓலை, மிஸ். நம்ம ஊர்ல எழுதுனது. தஞ்சாவூர்ல ஓலை படிக்கிற ஒரு அம்மாகிட்ட படத்தைக் காட்டினேன். அவங்கதான் படிச்சு சொன்னாங்க."

அவன் எழுந்துவிட்டான்.

"பொய், மிஸ்! அது தேவாரம். எங்க வீட்டு பூஜையில இருக்கு. எங்க தாத்தாவே சொல்லியிருக்காங்க."

தாத்தாவுக்கும் அந்த எழுத்து தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது. வருஷத்துக்கு ஒரு நாள் சந்தனம் தடவி, விழுந்து கும்பிட்டு, மறுபடி பட்டுத்துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள்.

"தேவாரம்னா பாடு, கேப்போம்" என்றாள் இளவஞ்சி.

வகுப்பு 'ஓ' போட்டது. இவளுக்கு என்ன திமிர்! அவனுக்கு அந்த சார்ட்டை அப்படியே கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

மிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் சார்ட்டில் ஒன்றும் தெரியாது.

"சண்டை எதுக்கு? ஓலையில உள்ளத அவதான் கீழ எழுதியிருக்கால்ல. நீயே வந்து படி."

போனான். அவளை இடித்துக்கொண்டுதான் போய் நின்றான்.

சத்தமாகப் படித்தான். நக்கலாக, இழுத்து இழுத்து.

"நம்முடைய ஆள் மாரி. இவன் பெண்சாதி குப்பி. மகன் சின்னான். இடுப்புப் பிள்ளை ஒன்று."

அந்தப் பிள்ளைக்குப் பெயர் எழுதவில்லை.

"இவர்களுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளும், பிள்ளைகளின் பிள்ளைகளும் ஆக எல்லாரையும், சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீராகவும்."

குரலில் இருந்த நக்கல் போய்விட்டது. அவனுக்கே அது தெரிந்தது.

இளவஞ்சி கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் தெரு. அங்கே இன்றைக்கும் மாரி இருக்கிறார், சின்னான் இருக்கிறார். இரண்டு பேரும் அவன் வீட்டு வயலுக்குத்தான் வருகிறார்கள். அறுபது வயது ஆளை அவன் வாடா போடா என்றுதான் கூப்பிடுவான்.

இன்னும் ஒரு வரி பாக்கி.

"இந்தப்படி விலைக்கு வாங்கிக்கொண்டவர்..."

அதோடு நிறுத்திவிட்டான்.

அவர்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். வழிவழியாக அதே பெயர். அதில் அவனுக்கு இன்று காலைவரை ஏகப்பட்ட பெருமை.

முதல் பெஞ்ச் அந்தப் பெயரைப் படித்துவிட்டது. இரண்டாவது பெஞ்சும் எட்டிப் பார்த்துப் படித்தது.

அவன் தரையைப் பார்த்தான்.

மிஸ் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏன் நிறுத்திட்ட, குஞ்சிதபாதம்?"

இளவஞ்சி சார்ட்டைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினாள்.

"அவ்வளவுதான், மிஸ். மிச்சத்த நீங்களே படிச்சிட்டீங்க."