இரண்டு பாஸ்போர்ட், ஒரு ரப்பர்பேண்டு

எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் ஒரே ரப்பர்பேண்டில் போட்டு வைப்பது என் மனைவியின் பழக்கம். "தொலைஞ்சா ரெண்டும் சேர்ந்தே தொலையட்டும்" என்பாள். அவள் போன பிறகும் எனக்கு அதைப் பிரிக்க மனம் வரவில்லை. இருவருக்கும் எடுத்த ஐந்து வருட விசா முடியாமல் இருந்தது. வெளிநாட்டில் நடந்த சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டுக்கு அந்தக் கட்டோடு தனியாகத்தான் போனேன்.

நான்கு நாள் கழித்து ஊர் திரும்பும்போது, அந்த நாட்டு விமான நிலையத்தில் தமிழ் பேசும் குடியேற்ற அதிகாரி ஒருவர் இரண்டையும் புரட்டினார்.

"மேடம் எங்க சார்?"

"அவ இறந்து ஒன்றரை வருஷமாச்சுங்க."

அவர் அவள் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினார். நான் வந்திறங்கிய திங்கட்கிழமையின் நுழைவு முத்திரை அதிலும் இருந்தது. சேர்த்துக் கொடுத்ததால் தெரியாமல் இரண்டிலும் குத்தியிருப்பார்கள் என்றேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

திங்கட்கிழமை கவுண்டரில் எடுத்த படம். முன்னால் நான். பின்னால், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், கைப்பையைத் தோளில் மாட்டியபடி அவள். எப்படியும் நான் திரும்பிப் பார்ப்பேன் என்று நிற்கிற முகம்.

"உள்ள வந்திருக்காங்க. வெளிய போகல."

முத்திரைக் கட்டையை என் பாஸ்போர்ட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நீங்க மட்டும் கிளம்புறீங்களா சார்?"